துரைக்கண்ணு மாமா கண்ட மெட்ராஸ்

அக்காவின் அழைப்பு வந்தபோது நான் விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். "மாமா பூட்டாருடி வசந்தா. காலையில டீய கையில வாங்கினாரு, குடிக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அழவில்லை. புடவை மாற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது கைபேசியில் இன்னொரு செய்தி வந்தது. ஊர் பேக்கரிக்காரர்கள் சங்கம் அனுப்பியது. மாமாவின் படம், படத்தைச் சுற்றி மெழுகுவத்திகள், கீழே பெரிய எழுத்தில், "சென்னை மாநகரத்துப் பேக்கரிகளை நேரில் சென்று ஆராய்ந்து, மெட்ராஸ் பேஸ்ட்ரியை நம் ஊருக்குக் கொண்டுவந்த முன்னோடி மறைந்தார்." பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். சாவு வீட்டுக்குப் போகிறவள் அப்படிச் சிரிக்கக் கூடாதுதான். சிரிப்பு வந்தால் என்ன செய்வது?

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. ஒருவர் அவரை இனிமையே உருவானவர் என்றார். இன்னொருவர், அவர் யாரையும் கடிந்து பேசியதே இல்லை என்றார். மூன்றாமவர், பாவம், மைக் கிடைத்த சந்தோஷத்தில் தன் கடையில் புதிதாக வந்திருக்கும் முட்டை சேர்க்காத கேக்கைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தார். துரைக்கண்ணு கையால் பன் வாங்கும்போது கூடவே ஒரு திட்டும் வாங்காதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் சங்கத்தாரே, நீங்கள் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். இந்த நினைவு மலருக்கு என்னிடமும் நாலு நல்ல வார்த்தை கேட்டார்கள். காலமெல்லாம் மலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான், நல்ல வார்த்தைக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஆனால் அவர் சென்னையைக் கண்டவர் என்று என் கையால் எழுத மாட்டேன். மெட்ராஸுக்கென்று கிளம்பிய ஒரே தடவையும் அவர் உளுந்தூர்பேட்டையைத் தாண்டவில்லை. அக்கா சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். எப்படிச் சம்மதித்தாள் என்பது கடைசியில் வரும்.

மாமா என்று நான் சொல்வது என் அக்கா சரோஜாவின் கணவரை. திருநாவலூர்ப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடும் குடும்பம் அவருடையது. அண்ணன்மார் எல்லாரும் வயலில் நிற்க, இவர் மட்டும் சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று கிளம்பிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, ரொட்டி போடக் கற்றுக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சரோஜா பேக்கரி என்று பலகை மாட்டினார். பன், ரஸ்க், வர்க்கி, பட்டர் பிஸ்கட். எல்லாம் கல். யாராவது அதைச் சொன்னால், "பன்னுன்னா பல்லு வேல செய்யணும். பல்லுக்கு வேல இல்லன்னா அது மருந்து. ஆஸ்பத்திரியில போயி வாங்கு" என்பார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பன் வாங்க வந்த ஒரு மனிதரிடமே இதைச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவர் போடும் பிறந்தநாள் கேக்கின் மேல் டால்டாவும் சர்க்கரையும் சேர்த்து அடித்த ஒரு பூச்சு இருக்கும். அதில் மெழுகுவத்தி இறங்காது. முன்கூட்டியே கம்பியால் துளை போட்டுத்தான் கொடுப்பார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பஸ் நிலையத்துக்கு எதிரில் கண்ணாடிக் கடை வந்தது. மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் திறந்த பேக்கரி அது. குளிர்ப்பெட்டி, அதற்குள் விளக்கு, விளக்குக்குக் கீழே முக்கோணமாக வெட்டி வைத்த பேஸ்ட்ரி. நம் ஊரைப் பற்றிக் கேட்க வேண்டுமா? கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. சரோஜா பேக்கரியில் மாமா ஈ ஓட்டினார். எதிர்ச்சாரியில் நின்று அந்தக் கும்பலைப் பார்த்து, "இன்னாத்துக்கு நிக்கிறானுங்க? செவுத்துக்கு அடிக்கிற டிஸ்டம்பர கேக்குமேல அடிச்சி வச்சிருக்கறான், அதுக்கு லைட்டு வேற" என்பார். பேச்சு குறையவில்லை, வியாபாரம் குறைந்துவிட்டது. இன்னும் சில மாதம் அப்படியே போனால் கடையை மூடிவிட்டுத் திருநாவலூருக்குத் திரும்பி அண்ணன்மாரின் வயலில் நிற்க வேண்டும். சிரிக்கச் சிரிக்க அவர்கள் மண்வெட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குச் சாகலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தில்தான் மெட்ராஸ் பேக்கரி டூர் என்ற யோசனை பிறந்தது.

ஒரு விடுமுறை நாளில் கல்வராயன் மலையேறி என்னைத் தேடி வந்தார். நான் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு, பள்ளிக்குப் பின்னால் ஒரு வீட்டில் தனியாக இருந்தேன். கூடவே காசிம் பாய் வந்திருந்தார். அவர் பிஸ்கட் வியாபாரி, கண்ணாடிக் கடையால் அடிபட்ட இன்னொருவர், மாமாவின் பேச்சைச் சகித்துக்கொண்ட ஒரே நண்பர். ஆசிரியர் பயிற்சிக்காக நான் மெட்ராஸில் விடுதியில் இருந்தவள் என்பதால் அங்கிருக்கும் எல்லா பேக்கரியும் எனக்கு அத்துபடி என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். விடுதியில் எங்களுக்குக் கிடைத்தது உப்புமா. பேஸ்ட்ரி நான் தின்றது ஒரே ஒரு தடவை, மவுண்ட் ரோட்டில், தோழி ஒருத்திக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில். அதைச் சொன்னேன். "ஒரு தடவ போதும்மா. நாக்கு மறக்குமா?" என்றார் மாமா.

அன்று அவர்கள் போட்ட திட்டம் இருக்கிறதே, கல்யாணத்துக்குக்கூட யாரும் அப்படிப் போட மாட்டார்கள். புரசைவாக்கத்தில் தொடங்கி எழும்பூர், மவுண்ட் ரோடு, மயிலாப்பூர் என்று இறங்குவது. காலையில் பப்ஸ், மத்தியானத்துக்கு மேல் கேக். உப்பு முடிந்த பிறகுதான் இனிப்பு, இல்லாவிட்டால் நாக்கு குழம்பிவிடும். ஒவ்வொரு கடையிலும் ஒன்றே ஒன்று வாங்கி இரண்டாக வெட்டித் தின்பது. அடுத்த கடைக்குப் போகுமுன் வாய் கொப்பளிக்க பிளாஸ்கில் வெந்நீர். கேக்கின் அடுக்கு என்ன கனம் என்று அளக்கத் தையற்காரர் டேப். வயிறு காலியாக இருக்க முதல் நாள் விரதம். இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு. ரொட்டி போடுகிறவன் இன்னொரு ரொட்டிக்காரன் கடைக்குள் வெறுங்கையோடு நுழையக் கூடாதாம். தன் சரக்கைக் கொடுத்துவிட்டுத்தான் அவன் சரக்கில் வாய் வைக்க வேண்டுமாம். அதனால் கூடை கூடையாகப் பன்னும் ரஸ்க்கும் போட்டு எடுத்துப் போவது என்று முடிவாயிற்று.

"மாமா, மெட்ராஸ்காரன் உங்க பன்ன வாங்கி இன்னா பண்ணுவான்?" என்று கேட்டேன்.

"தின்னு பாத்துட்டு வெக்கப்படுவான்" என்றார்.

காசிம் பாய் என் பக்கம் திரும்பாமல் டீயைக் குடித்தார்.

புறப்பட்ட நாளில் சங்கம் பஸ் நிலையத்தில் வைத்து இருவருக்கும் மாலை போட்டது. அக்கா அதற்கென்றே துணி எடுத்து ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். ஊர் பார்க்க, கண்ணாடிக் கடைக்காரரும் பார்க்க, மாமா ஒரு ஸ்டூலின் மேல் ஏறிப் பேசினார். "வர்ற ஞாயித்துக்கெழம நம்ம கடைக்கு வாங்க. மெட்ராஸ் பேஸ்ட்ரின்னா எப்படி இருக்கும்னு காட்றேன். எதிர்ல இருக்கறது மெட்ராஸே இல்ல." கை தட்டினீர்கள். பிறகு காசிம் பாயின் பிஸ்கட் வேனில் கூடைகளோடு ஏறினார்கள். பாயே ஓட்டினார்.

அது இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம். மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டுவிட்டு மக்கள் உட்கார்ந்தார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. அதற்காகத் துக்கம் விழுந்த வீடுகளும் உண்டு. நான் கேலி செய்வது அதை அல்ல, எங்கள் மாமாவை. மறியலுக்குப் போகும் பையன்களுக்கு முந்தின நாள் பன் கொடுத்தவர் இவர்தான். கூட்டத்தில் நின்று கோஷமும் போட்டார். நாளைக்குச் சாலை அடைபடும் என்று வாயாரக் கத்திய மனிதர், அந்த நாளைக்கே மெட்ராஸுக்கு வேன் ஏறினார். பாய் தயங்கியதற்கு, "நம்ம பன்ன தின்னவனுங்க நமக்கு வழி வுட மாட்டானுங்களா?" என்றாராம்.

உளுந்தூர்பேட்டையில் நடந்ததைக் காசிம் பாய் என்னிடம் சொன்னபடி எழுதுகிறேன். லாரிகளும் பஸ்களும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஓட்டல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சாலையில் ஒரு பெரிய புளியமரம் படுத்திருந்தது. மாமா இறங்கி, கழுத்தில் கிடந்த மாலையைச் சரிசெய்துகொண்டு மரத்தருகே போனார். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவன் அவரை அடையாளம் கண்டுவிட்டான்.

"அண்ணே! நேத்து பன்னு குடுத்தவருதானே நீங்க? வாங்கண்ணே, குந்துங்க."

"குந்தறதுக்கு வரலப்பா. மெட்ராஸ் போவணும்."

"யாரும் போவக் கூடாதுண்ணே. உங்கள வுட்டா அப்புறம் எங்களுக்கு இன்னா மரியாத?"

"பன்னு குடுத்தேனேப்பா."

"அதனாலதான் குந்துங்கன்றேன். இன்னும் கீதா?"

இருந்தது. மெட்ராஸ் கடைக்காரர்கள் தின்று வெட்கப்பட வேண்டிய பன்களை மறியல்காரர்களும் பஸ்களில் மாட்டிக்கொண்டவர்களும் தின்று தீர்த்தார்கள். ஒரு லாரி டிரைவர் மட்டும் ரஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்த்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்றாராம். மாமா அந்த டிரைவரோடு சண்டைக்குப் போய்விட்டார். மெட்ராஸுக்கு வழி இல்லை என்பதைவிட அந்த டிரைவர் சொன்னதுதான் அவருக்கு ரோஷமாக இருந்ததாம்.

ஊருக்குத் திரும்பியிருக்கலாமே என்பீர்கள். மாலையோடு போனவர் அதே மாலையோடு அன்று சாயங்காலமே வந்து இறங்கினால் கண்ணாடிக் கடைக்காரர் சிரிப்பார். ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்பு திருநாவலூர் வரைக்கும் கேட்கும். ஆகவே வேனின் மேல் எழுதியிருந்த பாயின் பெயரைச் சாக்குப் படுதாவால் மூடிக்கொண்டு, ஊரைத் தொடாமல் கிராமப் பாதைகளில் சுற்றி, வடக்கனந்தல் வழியாக மலையேறி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கதவைத் திறந்தேன். மாமாவின் கழுத்தில் வாடிய மாலை இருந்தது. "மெட்ராஸ்ல எடம் கெடைக்கல, இங்க கொஞ்ச நாளு தங்கறோம்" என்றார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. ஆனாலும் பேச்சைப் பாருங்கள்.

அந்த நாட்களில் என் வீடுதான் அவர்கள் கண்ட மெட்ராஸ். ஞாயிற்றுக்கிழமை ஊரில் போய்ச் சொல்வதற்கு மெட்ராஸ் வேண்டும், காட்டுவதற்குப் பேஸ்ட்ரி வேண்டும். முதலாவதற்கு நான். பள்ளி முடிந்து வந்ததும் இரண்டு பெரிய மனிதர்களைத் தரையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவேன். என் வகுப்பில் இருந்த மந்தமான பிள்ளைகூட இவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்ளும். எழும்பூர் எந்தப் பக்கம், மவுண்ட் ரோடு எந்தப் பக்கம் என்று அடுப்புக்கரியால் தரையில் கோடு போட்டுக் காட்டினால் மாமா கோட்டை விட்டுவிட்டு, "கரி நல்ல கரி. எங்க வாங்கினே?" என்பார்.

"சரி, கடைக்குள்ள நொழையறீங்க. கடைக்காரர் இன்னா கேப்பார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சாப்டீங்களான்னு கேப்பாரு."

"மெட்ராஸ்ல யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க மாமா. இன்னா வேணும்னுதான் கேப்பாங்க."

"ரொட்டிக்கட வச்சிருக்கறவன், வாசப்படி ஏறி வந்தவன சாப்டியான்னு கேக்காம இருப்பானா? நீ பாத்த கட சரியில்ல."

அடுத்த நாளும் அதே கேள்வி கேட்டேன், அதே பதில் சொன்னார். மாற்றவே முடியவில்லை. காசிம் பாய், "வுடுங்க டீச்சரம்மா, அவரு மெட்ராஸ் அவருக்கு" என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது, பேஸ்ட்ரி. சந்தையில் மைதா கிடைத்தது. முட்டை பக்கத்து வீட்டுச் செல்லியிடம் வாங்கினோம். கிரீமுக்கு எங்கே போவது? பலாப் பருவம் முடிகிற சமயம், கடைசிப் பழங்கள் மரத்தில் இருந்தன. செல்லி கொண்டுவந்து போட்டாள். சுளையை அரைத்து வெல்லம் சேர்த்துக் கிளறி, மலைத்தேன் ஊற்றி, அடுக்குக்கு நடுவே பூசலாம் என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. குண்டானில் மணலைக் கொட்டி, மூடியின் மேல் தணலைப் போட்டு கேக் வேகவைத்தோம். ஒரு பக்கம் கருகும், மறு பக்கம் வேகாது. மாமா கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டாரே தவிர, சட்டையைக் கழற்றவில்லை. வேனில் கூடைகளுக்கே இடம் போதாமல் மாற்றுச் சட்டை கொண்டுவரவில்லை, வெற்றுடம்போடு என் எதிரில் நிற்க வெட்கம். பலாப்பால் அந்தப் புதுச் சட்டையெல்லாம் ஒட்டி, காய்ந்து, திட்டுத் திட்டாக நின்றது. கடைசியில் ஒருவாறு முக்கோணமாக வெட்ட வந்தது. செல்லிக்கு ஒரு துண்டு கொடுத்தோம். அவள் மென்று விழுங்கிவிட்டு, "நல்லா இருந்த பலாச்சொளய இன்னாத்துக்கு இப்படி ஆக்கி வச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மாமா அவள் முதுகைப் பார்த்து, "கேக்கு தின்னும்போது பேசக் கூடாது. பேசறவன் கொற சொல்லுவான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வேனில் இறங்கி வந்தேன். இவர்கள் மாட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன? கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. மறியலில் வழி கிடைத்ததா என்று யாரோ கேட்டார்கள். "நமக்கு வழி வுடாம யாருக்கு வுடுவான்?" என்றார் மாமா. ஒவ்வொரு கடையிலும் முதலாளியே எழுந்து வந்து சாப்டீங்களா என்று கேட்டதாகச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கூட்டம் வாயைப் பிளந்தது. முதல் துண்டை அவர் அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா வாயில் போட்டுக்கொண்டு, "பலாப்பழ வாசன வருது" என்றாள். "மெட்ராஸ்ல இப்ப அதான் ஜாஸ்தி ஓடுது" என்றார். "நல்லா கீது" என்று தலையாட்டினாள். எப்படிப்பட்ட ஏமாளியோடு பிறந்திருக்கிறோம் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது கண்ணாடிக் கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு துண்டு வாங்கித் தின்றார். "நான் மெட்ராஸ்லயே பொறந்து வளந்தவன். இப்படி ஒண்ண அங்க நான் பாத்ததே இல்லியே" என்றார். கூட்டம் மாமாவின் பக்கம் திரும்பியது. காசிம் பாய் மெல்ல வேன் பக்கம் நகர்ந்தார். மாமா ஏற்கெனவே வெட்டிய துண்டையே மறுபடி வெட்டினார். ஆனால் வாய் தடுமாறவில்லை.

"நீங்க அங்கேருந்து வந்து எம்மா நாளாச்சி?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆவுது."

"அதான். இது அதுக்கப்புறம் வந்தது" என்றார் மாமா.

ஊர் கொல்லென்று சிரித்தது. பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அந்த மனிதருக்கே சந்தேகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நாளில் அவருடைய குளிர்ப்பெட்டியிலும் பலாப்பழப் பேஸ்ட்ரி வந்து உட்கார்ந்தது. மவுண்ட் ரோட்டில் தான் தின்றதும் அச்சு அசல் இதேதான் என்று என்னிடமே ஒருவர் சொன்னார். அவர் இந்தச் சங்கத்தில் இன்னும் இருக்கிறார், பெயர் வேண்டாம். நம் ஊருக்கு நாக்கு கிடையாது, காது மட்டும்தான் என்று அன்று முடிவு செய்தேன், இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. சரோஜா பேக்கரி பிழைத்தது. மாமா வயலில் கால் வைக்காமலே காலத்தை ஓட்டிவிட்டார்.

ஆனால் ஒன்று. மெட்ராஸைக் கண்டவர் என்று பெயரான பிறகு அவரால் மெட்ராஸுக்குப் போக முடியாமல் போயிற்று. போனால் கூட வருகிறவர்கள் வழி கேட்பார்களே. உறவில் கல்யாணம் வந்தாலும், ஆஸ்பத்திரிக்கு அழைத்தாலும், "பாத்த ஊருதானே, நீங்க போங்க" என்றுவிடுவார். காசிம் பாய் இறந்த பிறகு அந்த விஷயத்தைப் பேசவும் அவருக்கு ஆள் இல்லை. என்னோடு பேசியிருக்கலாம், நான் குத்திக் காட்டுவேன் என்று பேசவில்லை. காட்டியிருப்பேன்தான். ஒருமுறை சென்னைக்குப் போய்த் திரும்பும்போது மவுண்ட் ரோட்டுக் கடையில் ஒரு பெட்டி பேஸ்ட்ரி வாங்கி வந்து அவர் எதிரில் வைத்தேன். திறந்து பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். விரலால் அடுக்குகளைத் தொடாமல் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் கடைப் பையன்களும் வாடிக்கைக்காரர்களும் நின்றிருந்தார்கள். "இதெல்லாம் நான் அப்பவே பாத்தாச்சி. எடுத்துக்கினு போ" என்று பெட்டியை மூடித் தள்ளிவிட்டார். வீம்பு பிடித்த மனிதர் என்று திட்டிக்கொண்டே அதை பஸ்ஸில் நானே தின்றேன்.

காரியத்துக்குச் சங்கத்தார் சென்னையிலிருந்தே காரில் பேஸ்ட்ரி வரவழைத்திருந்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் அல்லவா? அவர் ஆராய்ந்த கடைகளிலேயே தேடி வாங்கியதாகப் பெருமையாகச் சொன்னார்கள். நான் சிரிப்பை அடக்க அடுக்களைக்குப் போய் முகத்தை மறைத்துக்கொண்டேன். அக்கா பின்னாலேயே வந்தாள். அவள் கையில் ஒரு பலாப்பழம்.

"நீ அந்தக் கேக்க பண்ணுடி. அதையும் வச்சிப் படைக்கலாம்."

"எனக்கு இன்னாக்கா தெரியும்?"

"ஒன் வூட்ல பண்ணதுதானே? ஒனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

அவள் அரிவாள்மணையை எடுத்து வைத்து எண்ணெய் தடவினாள்.

"சட்டைய தொவைக்கப் போட்டாருல்ல, மெட்ராஸ் ரோட்ல தாரு ஒட்டிக்கிச்சின்னாரு. மண்ணெண்ண போட்டுத் தேச்சேன், தாருன்னா போயிருக்கணும், போவல. தேங்காண்ண தேச்சேன், போயிடுச்சி. பலாப்பாலுன்னு எனக்குத் தெரியாதா? மெட்ராஸ் ரோட்ல ஏதுடி பலாப்பாலு? நீயும் அதே வேன்லதானே மலையிலேருந்து எறங்கி வந்தே?"

"அப்பவே தெரியுமா? ஏன்க்கா கேக்கல?"

"கேட்டிருந்தா இன்னா பண்ணியிருப்பாரு? தல தொங்கிப் போயி அண்ணங்காரன் வயல்ல நின்னிருப்பாரு. அத நான் பாக்கணுமா?" என்றாள். பழத்தைப் பிளந்தாள். "பீத்திக்கினு திரியும்போது எனக்கும் எரிச்சலாதான் இருக்கும். போவட்டும், கட நடக்குதேன்னு இருந்துட்டேன்."

இத்தனை வருடம் நான் ஏமாளி என்று நினைத்திருந்தவள் சுளைகளைத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மலருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்களே, உள்ளதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. இனிமே யாரு அவர வயல்ல எறக்கப் போறாங்க?" என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மொட்டை மாடியில் இலை போட்டுப் படையல் வைத்தோம். ஒரு பக்கம் சென்னைப் பேஸ்ட்ரி, வெள்ளையும் சாக்லேட்டுமாக. இன்னொரு பக்கம் நான் செய்தது, கருகியும் வேகாமலும். சங்கத்தார் கைகட்டி நின்றார்கள். காக்கை வந்து சுவரில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து இரண்டையும் பார்த்தது. பிறகு நேராகச் சென்னைப் பேஸ்ட்ரியில் மூக்கை நுழைத்தது. மேல் பூச்சு, நடு அடுக்கு, அடி அடுக்கு என்று ஒன்றுவிடாமல் கொத்தியது. விரட்டினாலும் போகாது போலிருந்தது. என் கேக்கின் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா ஈரக்கண்ணோடு சிரித்துவிட்டாள். "தின்னட்டும் வுடு. இத்தன வருசமா வாயக் கட்டிக்கினு இருந்தாரு. அவசரப்படாம தின்னுட்டுப் போவட்டும்."

எல்லாரும் இறங்கிப் போனபின் நான் செய்தது அப்படியே இலையில் மீந்திருந்தது. துரைக்கண்ணு மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு மட்டமான கேக்கின் பக்குவம். குண்டானில் மணல் கொட்டி, ஒரு பக்கம் கருகவும் மறு பக்கம் வேகாமலும் அதைச் செய்யத் தெரிந்தவள் உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான். ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். தித்திப்பு தொண்டையைப் பிடித்தது, அடி வேகவில்லை, மேல்பக்கம் கல். பல்லுக்கு வேலை இருந்தது. இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டேன்.